‘இயற்கைக்கு மாறான’: சில சொற்களின் வரலாறு

1868 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆம் திகதி, கேர்ட்பெனி என்னும் ஹங்கேரிய எழுத்தாளர், உல்றிக்ஸ் என்னும் ஜேர்மானியச் சட்டவறிஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘ஹோமோசெக்சுவல்’, ‘ஹெட்டரோசெக்சுவல்’ என்னும் இரு சொற்களும், இன்று கிடைக்கும் சான்றுகளின்படி, முதன்முதலாகத் தோன்றுவது அக்கடிதத்திலேயாம். வைத்தியரின் ஆய்வுகூடத்திற் பிறந்தவை எனப் பலராலும் கருதப்படும் இச்சொற்கள், உண்மையில் ஒரு தண்டனைச் சட்டப் பிரிவுக்கு எதிராக எழுந்த பிரசாரத்தின் விளைவுகள்.

இச்செய்தியை ஈண்டு முதலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. பாலீர்ப்புப் பற்றித் தமிழில் எழுதுவோரிடையே இரு போக்குகளைக் காண்கின்றோம். இவை யாவும் மேனாட்டு இறக்குமதிகள், நமது பண்பாட்டுக்கு ஒவ்வாதன என்பார் ஒருசாரார். பழந்தமிழர் இவற்றையெல்லாம் அறிந்து போற்றினர், நமக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை என்பார் மறுசாரார். இரு சாராரும் சொல்லைக் காலத்தினின்றும் பிரித்தெடுத்து, ஒரு சாராரின் கையில் வசையாகவும் மறுசாராரின் கையில் ஆபரணமாகவும் ஆக்கிவிடுகின்றனர். ஒரு சொல்லை யார் ஆக்கினார், எவருக்கு எதிராக ஆக்கினார், பின்னர் அது எவர் கைக்கு மாறிற்று என்ற வினாக்களை இருவரும் எழுப்புவதில்லை.

உல்றிக்ஸ் 1825 இல் ஹன்னோவர் இராச்சியத்திற் பிறந்தவர். அரச சேவையில் இருந்தவர். தமது வாழ்க்கை பற்றிய வதந்திகள் காரணமாக 1854 இற் பதவியைத் துறந்தவர். 1864 முதல் 1879 வரை பன்னிரண்டு சிறு நூல்களை அவர் வெளியிட்டார். ஆணை நேசிக்கும் ஆணுக்கு அக்கால மொழிகளில் வழங்கிய பெயர்கள் இரு வகையின. ஒன்று பாவத்தின் பெயர். மற்றது குற்றத்தின் பெயர். இரண்டும் செயலைச் சுட்டினவேயன்றி ஆளைச் சுட்டவில்லை. களவெடுத்தவன் கள்வன் என்பது போல, செயல் நிகழ்ந்தபின் சூட்டப்படும் பெயர்கள் அவை. உல்றிக்ஸ் பிளேட்டோவின் ‘விருந்து’ என்னும் உரையாடலில் வரும் விண்ணுலகக் காதற்றெய்வத்தின் பெயரிலிருந்து ‘ஊர்னிங்’ என்ற சொல்லை அமைத்தார். ஆணுடலில் அடைபட்ட பெண்ணுள்ளம் என்பது அவர் தந்த விளக்கம். இன்று பாலடையாளம் என்றும் பாலீர்ப்பு என்றும் நாம் பிரித்து நோக்கும் இரண்டையும் அவர் ஒன்றாகவே கண்டார். அவ்விளக்கம் நிலைக்கவில்லை, தம்மைப் போன்றோரின் தொகை கூடக் கூட அவருக்கே அது போதாமற்போக, நூலுக்கு நூல் உட்பிரிவுகளும் புதுப்பெயர்களும் பெருகின. எனினும், ‘இவ்வாறு பிறந்த மனிதன்’ என்ற பொருளில் ஒரு பெயரை அத்தகைய மனிதனே ஆக்கிக்கொண்டமை அதுவரை நிகழாத ஒன்று.

இம்முயற்சி ஏன் 1860 களில் எழுந்தது? பவேரியா 1813 ஆம் ஆண்டிலேயே இத்தகைய செயல்களைக் குற்றப் பட்டியலினின்றும் நீக்கிவிட்டது. ஹன்னோவரிலும் 1840 ஆம் ஆண்டின் சட்டம் பெரிதும் தளர்ந்ததே. ஆனால் பிரஷ்யாவின் 143 ஆம் பிரிவு கடுமையானது. 1866 இற் பிரஷ்யா ஹன்னோவரை விழுங்கிற்று. அதனை எதிர்த்தமைக்காக உல்றிக்ஸ் இருமுறை சிறை சென்றார். பிரஷ்ய வாளின் நிழலில் ஜேர்மனி ஒன்றாகும்போது பிரஷ்யச் சட்டமும் நாடெங்கும் பரவும் என்பதை அவர் கண்டுகொண்டார். 1867 ஓகஸ்ட் 29 இல், மியூனிக் நகரில் ஜேர்மன் சட்டவறிஞர் மாநாட்டில் எழுந்து இப்பிரிவை நீக்கவேண்டுமெனப் பேச முற்பட்டார். கூச்சலிட்டு அவரை அமர்த்தினர். இராணுவ அரசொன்றின் விரிவாக்கமும் அது கொணர்ந்த ஒருமைப்பட்ட தண்டனைச் சட்டமுமே இச்சொற்களின் பிறப்புக்குக் களமமைத்தன என்பது மனங்கொளத்தக்கது.

கேர்ட்பெனியின் வழி வேறு. வியன்னாவிற் பிறந்து ஹங்கேரியராகத் தம்மை மாற்றிக்கொண்ட இவர், பெற்றோஃபியின் கவிதைகளை ஜேர்மன் மொழிக்குக் கொண்டு சென்றவர். இளமையில் இவருடைய நண்பரொருவர், இரகசியத்தை வெளியிடுவதாக மிரட்டிப் பணம் பறித்தவரின் கொடுமை தாங்காது தற்கொலை செய்துகொண்டார். அதுவே தம்மை இவ்விடயத்திற் புகுத்தியதென்று கேர்ட்பெனி எழுதியுள்ளார். 1869 இல் லைப்சிக் நகரில் பெயர் குறிப்பிடாது இவர் வெளியிட்ட இரு பிரசுரங்கள், வட ஜேர்மன் கூட்டாட்சிக்கு வரையப்பட்ட புதிய சட்டத்தில் அப்பழைய பிரிவு தொடர்வதைக் கண்டிப்பன. பிறவியியல்பு என்று வாதிடுவது இருமுனைக் கத்தி என்பதை இவர் உணர்ந்திருந்தார். பிறவியோ பழக்கமோ, வயதுவந்த இருவர் உடன்பட்டுத் தனிமையிற் செய்வதில் அரசுக்கு என்ன அலுவல் என்பதே இவருடைய கேள்வி. இன்றும் இதனினும் தெளிவான வாதமொன்றை நாம் கண்டிலோம்.

அவர் ஆக்கிய சொல்லோ கிரேக்க முன்னொட்டையும் இலத்தீன் வேரையும் ஒட்டிய கலப்புச் சொல். ஆங்கிலத்தில் இப்பொருளை முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவரான ஹவ்லொக் எலிஸ், 1897 இல் அதனை நாகரிகமற்ற கலவை எனக் குறைகூறியபின் அதனையே பயன்படுத்தினார். சொற்றூய்மை பேசும் நம்மவர்க்கு இதில் ஒரு படிப்பினை இருக்கலாம். அதனினும் முக்கியமானது, கேர்ட்பெனி ஒன்றையன்று, இரண்டு சொற்களை ஒருங்கே ஆக்கினார் என்பது. சிறுபான்மையோருக்கு மட்டும் பெயரிட்டுப் பெரும்பான்மையோரைப் பெயரற்ற ‘மனிதர்’ ஆக விட்டுவிடாமல், இருவரையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் அவர் வைத்தார்.

சட்டமோ மாறவில்லை. 1869 இல் பிரஷ்ய அரசின் மருத்துவக் குழு (புகழ்பெற்ற விர்கோ அதில் ஓர் அங்கத்தவர்) இச்செயலைத் தண்டிப்பதற்கு மருத்துவ நோக்கில் ஆதாரமில்லை என அறிக்கையிட்டது. அரசு மக்களின் நீதியுணர்வைக் காரணங்காட்டிப் பிரிவை வைத்துக்கொண்டது. 1871 இல் அது பேரரசுச் சட்டத்தின் 175 ஆம் பிரிவாயிற்று. 1935 இல் நாஜிகள் அதனைக் கடுமையாக்கினர். ஆயிரக்கணக்கானோர் இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்த உடையுடன் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டனர். மேற்கு ஜேர்மனி அந்த நாஜி வாசகத்தை 1969 வரை அப்படியே வைத்திருந்தது. 1994 இலேதான் 175 முற்றாக ஒழிந்தது.

இதற்கிடையிற் சொல் கைமாறிற்று. 1886 இல் கிராஃப்ட்-எபிங் என்னும் உளநோய் வைத்தியர் வெளியிட்ட நூல், பதிப்புக்குப் பதிப்புப் பெருத்து ஐரோப்பா முழுவதும் பரவியது. கேர்ட்பெனியின் சொல் அதன் வழியாகவே உலகம் அறிந்த சொல்லாயிற்று. விடுதலை கோரிய பிரசுரத்தின் சொல் நோயாளர் பதிவேட்டின் சொல் ஆனமை இங்ஙனமே. இம்மாற்றத்தின் வேடிக்கையை ஓர் அகராதி நன்கு காட்டுகின்றது. அமெரிக்க வெப்ஸ்ரர் அகராதியின் 1923 ஆம் ஆண்டுப் பதிப்பு, ‘ஹெட்டரோசெக்சுவாலிற்றி’ என்பதற்கு எதிர்ப்பாலார் மீது கொள்ளும் நோய்ப்பட்ட காமம் என்றே பொருள் தருகின்றது! மருத்துவ நூல்களில் இரு சொற்களுமே பிறழ்வுகளின் பட்டியலில் நின்ற காலத்தின் எச்சம் அது. 1934 ஆம் ஆண்டுப் பதிப்பில் அதுவே ‘இயல்பான’ பாலுணர்வாக மாறிவிட்டது. பதினொரு ஆண்டுகளில் மனித இயற்கை மாறவில்லை.

இனி, நம்மவரைப் பற்றிப் பேசவேண்டும். முற்போக்கு இயக்கத்தின் பதிவேடு இவ்விடயத்தில் தூய்மையானதன்று. அதனை மறைத்து எழுதுவது விமரிசனமாகாது.

1869 ஜூன் மாதம், மார்க்ஸ் அனுப்பிய உல்றிக்ஸின் நூலொன்றைப் படித்த எங்கெல்ஸ் அவருக்கு எழுதிய பதிற்கடிதம் முழுவதும் கொச்சையான நகைச்சுவை. தனிக்கடிதந்தானே என்று தள்ளிவிடலாம். ஆயின் குடும்பத்தின் தோற்றத்தையும் பெண்ணடிமையின் வேரையும் பொருளாதாரத்திற் கண்டு காட்டிய அதே பேரறிஞர், தம் கண்முன் எழுந்த ஒரு சட்ட ஒடுக்குமுறையில் ஆராயத்தக்க எதனையும் காணவில்லை. சில ஆண்டுகள் கழிந்தபின் நிலை மாறிற்று. 1895 இல் ஒஸ்கார் வைல்ட் இலண்டனில் விசாரணைக்குள்ளானபோது, ஜேர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்பாட்டு ஏடான ‘நொயே ற்சைட்’டில் பெர்ன்ஸ்டைன் எழுதினார். பின்னாளில் திருத்தல்வாதத்தின் தந்தை எனப் பெயரெடுத்த பெர்ன்ஸ்டைன்தான். அதற்காக இக்கட்டுரையை நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ‘இயற்கைக்கு மாறான’ என்ற அடைமொழியையே அவர் விசாரணைக்கு எடுத்தார். நமது நாகரிக வாழ்வு முழுவதும் இயற்கையினின்றும் விலகியதே. அங்ஙனமிருக்க இவ்வொன்றை மட்டும் இயற்கைக்கு மாறானது என்பது எவ்வாறு பொருந்தும்? வழமைக்கு மாறானது என்று வேண்டுமாயிற் சொல்லலாம். வழமையோ காலத்துக்குக் காலம் மாறுவது. இது அவருடைய வாதத்தின் சாரம். ஒழுக்கக் கருத்துக்களை வரலாற்று நிகழ்வாகக் கொள்ளும் முறையை ஒரு சொல்லின்மீது நேரே பிரயோகித்த அழகிய எடுத்துக்காட்டு இது. மூன்றாண்டுகளின் பின், 1898 ஜனவரி 13 இல், மக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் தொடக்கிய மனுவை ஆதரித்து ஜேர்மன் நாடாளுமன்றத்திற் பேபல் பேசினார்.

ஒக்டோபர் புரட்சிக்குப் பின் 1922 இல் வந்த ருஷ்யத் தண்டனைச் சட்டத்தில் இக்குற்றம் இடம்பெறவில்லை. 1930 இல் வெளிவந்த சோவியத் பெருங்கலைக்களஞ்சியத் தொகுதி இதனைக் குற்றமாகக் கருதாது மருத்துவ விடயமாகவே விளக்கிற்று. ஆனால் 1933 டிசம்பரில் ஆணை பிறந்தது. 1934 மார்ச்சில் ஆண்களுக்கிடையிலான உறவுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்பது சட்டமாயிற்று. அவ்வாண்டு மே மாதம் மக்சிம் கோர்க்கி ‘பாட்டாளி வர்க்க மனிதாபிமானம்’ என்னும் கட்டுரையில் இதனைப் பாசிசத்தின் சீரழிவோடு இணைத்து எழுதினார். அதே மே மாதத்தில், மொஸ்கோவில் ஆங்கிலப் பத்திரிகையொன்றிற் பணியாற்றிய ஹரி வைற் என்னும் பிரித்தானியக் கம்யூனிஸ்ட், தம்மைப் போன்ற ஒருவர் கட்சி அங்கத்தவராயிருக்கத் தகுதியற்றவரா என்று கேட்டு, மார்க்சிய நூல்களை ஆதாரங்காட்டி, ஸ்டாலினுக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். அக்கடிதம் 1993 இலேதான் அச்சேறியது. அறிவிலி, சீரழிந்தவன் என்ற பொருள்பட ஸ்டாலின் அதன்மீது எழுதிச் சுவடிக் கூடத்துக்கு அனுப்பியிருந்தார்.

‘சீரழிவு’ என்ற இச்சொல்லிற் சற்றுத் தங்குதல் தகும். முற்போக்கு விமரிசகர் யாவர்க்கும் பழக்கமான சொல் இது. முதலாளித்துவச் சீரழிவு, கலைச் சீரழிவு என்று எத்தனையோ முறை எழுதியிருக்கின்றோம். ஆனால் இது வர்க்க ஆய்வில் விளைந்த சொல்லன்று. 1857 இல் மொறெல் என்னும் பிரெஞ்சு வைத்தியர், குடிப்பழக்கமும் வறுமையும் பைத்தியமும் பரம்பரை பரம்பரையாக இரத்தத்திற் கெட்டுக்கொண்டே வரும் என்ற கோட்பாட்டுக்கு இட்ட பெயர் அது. கிராஃப்ட்-எபிங் அதனைத் தற்பாலாரை நேசிப்போர்மீது ஏற்றினார். நாஜிகள் 1937 இல் மியூனிக்கில் நவீன ஓவியங்களை இழிவுபடுத்த நடத்திய கண்காட்சிக்கு இட்ட பெயரும் அதே சொல்லே. ஹிர்ஷ்ஃபெல்டின் ஆய்வு நிலையத்தை 1933 மே மாதத்தில் நாஜி மாணவர் சூறையாடி, நான்கு நாட்களின் பின் அதன் நூல்களைத் தெருவிலிட்டுக் கொளுத்தினர். ஏறத்தாழ ஓராண்டில் அவர்களின் எதிரிகள், பாசிசத்தை வைவதற்கென்று, அவர்களது சொல்லையே கையிலெடுத்தனர். எதிரியின் சொல்லைக் கடன் வாங்குபவர் அதன் வட்டியையும் கட்டவேண்டும். அவ்வட்டியைக் கட்டியவர்கள் ருஷ்யச் சிறைகளில் இருந்தோர்.

சோவியத் சட்டம் ஆண்களை ஒதுக்கிற்று. ஆனால் தோழர் என்ற சொல்லுக்கே வேறொரு நாட்டில் வேறொரு வரலாறு வாய்த்தது. சீன மொழியிற் கட்சித் தோழரைக் குறிக்கும் ‘தொங்ஷி’ என்ற சொல்லை 1989 இல் ஹொங்கொங்கின் திரைப்பட விழாவொன்றுக்குப் பெயரிடுகையில் எட்வர்ட் லாம் என்னும் நாடகக் கலைஞர் தற்பாலீர்ப்பினரைக் குறிக்க எடுத்தாண்டார். அது தாய்வானுக்கும் பின்னர் பெருநிலச் சீனத்துக்கும் பரவிற்று. 2012 இல் வெளிவந்த ‘தற்காலச் சீன அகராதி’யின் 6 ஆம் பதிப்பு இப்புதுப்பொருளை வேண்டுமென்றே சேர்க்கவில்லை. மக்கள் எங்கும் வழங்கும் சொற்பொருளை அகராதி அறியாதது போல் இருந்துவிட்டது.

பிரஷ்யச் சட்டம் ஜேர்மனிக்குள் பரவியதுபோல, ஆங்கிலேயரின் சட்டம் கடல்கடந்து பரவியது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி 1883 இல் இலங்கையில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 365 ஆம் பிரிவு, இயற்கை ஒழுங்குக்கு மாறான புணர்ச்சியைத் தண்டிக்கின்றது. ‘இயற்கை ஒழுங்கு’ யாதென அது வரையறுக்கவில்லை. வரையறுக்காமையே அதன் பலம். பின்னர் சேர்க்கப்பட்ட 365அ பிரிவு ஆண்களுக்கிடையிலான ‘இழிசெயல்’ பற்றியது. 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்திற் பால்வேறுபாடு களையப்பட்டு, ‘ஆண்’ என்றிருந்தது ‘ஆள்’ ஆயிற்று. சமத்துவம் என்ற பெயரில், அதுவரை சட்டத்தின் கண்ணுக்குப் படாதிருந்த பெண்களும் குற்றவாளிக் கூண்டுக்குள் வந்தனர். இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023 மே மாதம் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 இற் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அம்மசோதா நிறைவேறியிருக்கவில்லை. இந்தியாவில் 377 ஆம் பிரிவை, உடன்பட்ட வயதுவந்தோரைப் பொறுத்தவரை, உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6 இற் செல்லாததாக்கிற்று. ஆகவே, மேனாட்டு இறக்குமதி என்று எதனையாவது சொல்வதாயின், முதலிற் சொல்லப்படவேண்டியது தண்டனையே.

பழந்தமிழிற் சொல் இல்லையா? உண்டு, ஆயின் அவற்றை அவசரப்பட்டுக் கொண்டாட முடியாது. தொல்காப்பியம், ஆண்மை திரிந்தோரைச் சுட்டும் பெயரை உயர்திணையில் வைத்து, தனக்கென ஒரு பால் விகுதி இல்லாத அது எவ்விகுதியைக் கொள்ளும் என ஆராய்கின்றது. தண்டிப்பதா என்பதன்று, வினைமுற்று எவ்வாறு முடியும் என்பதே இலக்கணகாரரின் கவலை. சிலப்பதிகாரத்தின் பதினொரு ஆடல்களில் ‘பேடு’ம் ஒன்று. ஆனால் திருக்குறளிற் பேடியின் கைவாள் பயனற்ற முயற்சிக்கு உவமையாகிவிட்டது. கோழையைப் பேடி என்று ஏசும் வழக்கு இன்றும் உள்ளது. அன்றியும் இவை அடையாளம் பற்றிய சொற்கள். யார்மீது நேசம் என்பதைப் பற்றியன அல்ல. இப்பொருளில் தமிழகம் கண்ட மாற்றம் விரைவானது. அலி என்ற ஏச்சுக்குப் பதிலாக, கூவாகத்து அரவான் கதையிலிருந்து ‘அரவாணி’ வந்தது. 2008 இல் அமைந்த அரச நல வாரியத்தின் பெயரிலும் அது ஏறியது. பின்னர் புராணச் சார்பற்ற ‘திருநங்கை’யும், ‘திருநம்பி’யும் நிலைபெற்றன.

பாலீர்ப்புக்கு நமது பத்திரிகைகள் பெரிதும் வழங்கிவருவது ‘ஓரினச்சேர்க்கை’. இச்சொல்லின் குறைகள் பல. ‘சேர்க்கை’ உல்றிக்ஸுக்கு முற்பட்ட பெயர்களைப் போலச் செயலை மட்டுமே காண்கின்றது; காதல், ஏக்கம், ஒருவரோடு வாழ்ந்து முதுமையடையும் ஆசை ஒன்றும் அதற்குள் இல்லை. பிள்ளையின் ‘சேர்க்கை சரியில்லை’ என்று பெற்றோர் சொல்லும் சேர்க்கையின் வாடையும் அதில் வீசுகின்றது. ‘ஆளர்’ என்ற விகுதி சேர்ந்தபின் அது ஏதோ தொழிலின் பெயர்போல் ஒலிக்கின்றது. ‘இனம்’ என்பதோ இந்நாட்டிற் குருதி தோய்ந்த சொல். இனப்பிரச்சினை, இனக்கலவரம் என்று கேட்டு வளர்ந்த இலங்கை மாணவன் ‘ஓரினம்’ என்றதும் எதனை நினைப்பான்?

‘தன்பாலீர்ப்பு’ என்பது அதற்குப் பதிலாக அச்சமூகத்தினரே முன்வைத்த சொல். சென்னை உயர் நீதிமன்றத்தின் வழக்கொன்றைத் தொடர்ந்து 2022 இற் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலுக்கும் அச்சமூகத்தினரின் உழைப்பே அடித்தளம். இலக்கண நோக்கில் இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு: தன்பால் என்பது ‘தன்னிடம்’ என்றும் பொருள்படும், ‘கூட்டத்தைத் தன்பால் ஈர்த்தான்’ என்று எழுதுகின்றோம். தமிழாசிரியர் சிலருக்கு இது பெருங்குறையாகத் தோன்றலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ‘தோட்டக்காட்டான்’ என்று ஏசப்பட்டும், 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலும் ‘இந்தியத் தமிழர்’ என்று எண்ணப்பட்டும் வந்த மக்கள், தம்மை ‘மலையகத் தமிழர்’ என அழைத்துக்கொண்டபோது, கொழும்பிலும் தாழ்நிலத்திலும் வாழ்வோருக்கு அப்பெயர் பொருந்துமா என்று இலக்கணம் பேசியோர் இருந்தனர். பெயர் நிலைத்தது, பொருந்தாமையைப் பேசியோர் மறக்கப்பட்டனர். வழக்கு, ஐயத்தைத் தானே தீர்த்துக்கொள்ளும்.

தீராதது வேறொன்று. தன்பாலீர்ப்பு என்று எழுதப் பழகிவிட்ட பத்திரிகைகளிலும், அதன் இணைச்சொல்லான ‘எதிர்பாலீர்ப்பு’ காண்பதற்கு அரிது. சொற்பட்டியல்களில் உண்டு, செய்தியில் இல்லை, பாடநூலில் இல்லை, வகுப்பறையில் இல்லை. பெரும்பான்மையோர் தமக்கு அப்படியொரு பெயர் வேண்டுமென்று கருதவில்லை. கேர்ட்பெனி 1868 இல் இரண்டு சொற்களை ஒரே கடிதத்தில் எழுதினார். தமிழில் இதுவரை நடமாடுவது ஒன்றுதான்.